பெற்றோல் செட் கமராவும் இன்சூரன்ஸ் இல்லாத கார்களும்: ரில்லில நிக்கிற எங்களுக்கு என்ன வழி?

தென்மராட்சியான் (குரோய்டன்) கேட்டது:

உறவுகளுக்கு வணக்கம். லண்டன்ல பெற்றோல் செட்டில வேலை செய்யிற, முந்திச் செய்த ஆக்கள் இங்க கனபேர் இருக்கிறியள். அதாலதான் இங்க கேக்கிறன்.

எங்கட செட்டில போன மாதம் பழைய கமராவைக் கழட்டிப்போட்டு, நம்பர் பிளேட் வாசிக்கிற புதுக் கமரா பூட்டியிருக்கினம். இப்போதைக்கு அதுக்கு ஒரே ஒரு வேலைதான். முந்தி எண்ணெய் அடிச்சுப்போட்டுக் காசு குடுக்காமல் ஓடின கார் திரும்பி வந்தால், ரில் (காசு வாங்கிற மெசின்) ஸ்கிரீன்ல அந்தப் பம்ப் சிவப்பாக் காட்டும். நாங்கள் பம்பைத் திறந்து விடாமல், முதல்ல காசைக் கட்டுங்கோ எண்டு மைக்கில சொல்லவேணும். பூட்ட வந்த பொடியன் போகேக்க ஒரு கதை சொல்லிப்போட்டுப் போனான். "இன்சூரன்ஸ் இல்லாத கார்களின்ர லிஸ்டைத் தந்தால் இதே கமரா அதையும் பிடிக்கும் அண்ணை, வேற ஒண்டும் பூட்டத் தேவையில்லை" எண்டு. அண்டையில இருந்து இதுதான் மண்டைக்குள்ள ஓடிக்கொண்டிருக்கு.

இது புதுக்கதை இல்லை. 2012 மார்ச்சில பிரித்தானிய அரசாங்கம் இதைத்தான் யோசிக்குது எண்டு பேப்பர் எல்லாம் எழுதினது. கார் பம்படியில வந்து நிண்டவுடன கமரா நம்பரை வாசிச்சு, வரியும் இன்சூரன்சும் இருக்கோ எண்டு பாக்கும். இல்லையெண்டால் பம்ப் வேலை செய்யாது. அந்த நேரம் இன்சூரன்ஸ் இல்லாமல் ஓடுறவை 14 லட்சம் பேர் எண்டு கணக்குச் சொன்னவை. ரில்லில நிக்கிறவைக்குத்தான் அடி விழும் எண்டு பெற்றோல் செட் முதலாளிமாரின்ர சங்கம் உடன எதிர்த்தது. பிறகு அது சட்டமா வரவேயில்லை.

நான் ரெண்டு பக்கத்தாலயும் இதுக்குள்ள நிக்கிறன்.

2019 கார்த்திகையில என்ர மனுசி கெயார் ஹோமில இரவு வேலை முடிச்சுக் காலமை ஏழரைக்கு வந்துகொண்டிருந்தவ. பக்கத்து றோட்டில இருந்து நிப்பாட்டாமல் வந்த கார் ஒண்டு, அவவின்ர கதவிலயே வந்து அடிச்சுது. அடிச்ச பொடியனுக்கு இருபது வயசு இருக்கும். இறங்கி வந்து "சொறி, சொறி" எண்டு அழுதவனாம். பொலிஸ் வந்து பாத்தால் காருக்கு இன்சூரன்ஸ் இல்லை. கடைசியா எம்ஐபி (இன்சூரன்ஸ் இல்லாத காரால அடிபட்டவைக்குக் காசு குடுக்கிற அமைப்பு) மூலமா இழப்பீடு கிடைச்சது, அதில எனக்குக் குறை இல்லை. ஆனா மனுசிக்கு இண்டைக்கும் வலக்கையை உயர்த்தி மேல் தட்டில இருக்கிற அரிசி ரின்னை எடுக்கேலாது. தலைமயிரைப் பின்னுறதுக்கு மகளைக் கூப்பிடுறா. அந்தப் பொடியனும் அந்தக் கிழமை எங்கயோ ஒரு செட்டில எண்ணெய் அடிச்சிருப்பான்தானே? என்னைப்போல ஒருத்தன் இஞ்சால ரில்லில நிண்டு பட்டனை அமத்தித் திறந்து விட்டிருப்பான்தானே? அதை நினைச்சால், லிஸ்டை இண்டைக்கே ஏத்துங்கோ எண்டுதான் சொல்ல வருது.

மற்றப் பக்கம் இதுதான். மூண்டு கிழமைக்கு முந்தி, இரவு ரெண்டே முக்கால் இருக்கும். பதினொரு மணிக்குப் பிறகு நாங்கள் கதவைப் பூட்டிப்போட்டு யன்னலாலதான் காசு வாங்கிறது. நாலாம் நம்பர் பம்பில ஒரு சாம்பல் நிறக் கார் வந்து நிண்டுது. எண்ணெய் அடிக்கிற நொசிலைத் தூக்கினான், ரில் கத்துது, ஸ்கிரீன் சிவப்பு. முந்தி 38 பவுண் 20 பென்ஸ் குடுக்காமல் போன நம்பர். நான் மைக்கில மரியாதையாத்தான் சொன்னன். அவன் நொசிலைத் தொங்கப் போடேல்லை, அப்பிடியே நிலத்தில விட்டுட்டு யன்னலடிக்கு வந்தான். கண்ணாடியில ரெண்டு கையாலயும் அடிச்சான். கண்ணாடி தடிப்பம், உடையாது, அது எனக்குத் தெரியும். ஆனா காசு போடுற தட்டுக்குள்ளால அவன் வாயை வைச்சு மெதுவாச் சொன்னான்: "நீ எத்தினை மணிக்கு முடிக்கிறாய் எண்டு எனக்குத் தெரியும்." கத்தினதுக்கு நான் பயப்பிடேல்லை. அந்த மெதுவாச் சொன்னதுக்குத்தான் கை நடுங்கினது. காலமை ஆறு மணிக்கு அடுத்த ஷிப்ட் பொடியன் வந்து, பஸ் ஸ்ராண்ட் வரைக்கும் என்னைக் காரில கொண்டுபோய் விட்டவன்.

அது காசு குடுக்காத ஒருத்தன். மாதத்தில ரெண்டு மூண்டு தரம்தான் சிவப்புக் காட்டும். இன்சூரன்ஸ் லிஸ்டையும் ஏத்தினால்? 2012 இல ஓடின வாகனம் மூண்டரைக் கோடிக்குக் கொஞ்சம் குறைவு, அதில 14 லட்சம் எண்டால் 25 காருக்கு ஒண்டு. இப்ப குறைஞ்சிருக்கும் எண்டே வைச்சுக்கொள்ளுங்கோ. எங்கட செட்டுக்கு இரவில 150 கார் வரும். பாதியாக் குறைஞ்சிருந்தாலும் ஒரு இரவுக்கு மூண்டு பேருக்கு நான் தனிய நிண்டு "உனக்கு எண்ணெய் இல்லை" எண்டு சொல்லவேணும்.

அனுபவப்பட்ட ஆக்கள் சொல்லுங்கோ. இது நடக்கக்கூடியதோ? நடந்தால் எங்களுக்கு ஆபத்தில்லாமல் செய்ய வழி இருக்கோ? மனேஜர் அடுத்த திங்கள் எங்களோட கதைக்கிறார், அதுக்கு முந்தி யோசிச்சு வைக்கவேணும்.

———

கோப்பாய்க்காரி (ஹரோ) எழுதியது:

அண்ணா, அக்காவின்ர கையைப் பற்றி வாசிக்கக் கவலையா இருந்தது. நான் ஒரு இன்சூரன்ஸ் கொம்பனியில கிளெயிம் பகுதியில 11 வருசமா வேலை செய்யிறன். தெரிஞ்சதைச் சொல்லுறன்.

நீங்கள் சொல்லுற லிஸ்ட் உண்மையில "இன்சூரன்ஸ் இல்லாத கார்" லிஸ்ட் இல்லை. இன்சூரன்ஸ் உள்ள கார்களின்ர பதிவுதான் இருக்கு. அதை எம்ஐடி எண்டு சொல்லுவம், எம்ஐபிதான் நடத்துது. அதில இல்லாத நம்பர் எல்லாம் சந்தேகத்துக்குரியது, அவ்வளவுதான். பொலிசின்ர றோட்டுக் கமராவும் இந்தப் பதிவை வைச்சுத்தான் பிடிக்குது. 2005 இல வந்த சட்டத்துக்குப் பிறகு பொலிஸ் அந்த இடத்திலயே காரைத் தூக்கிக்கொண்டு போகலாம். 2011 இல இருந்து இன்னொண்டும் இருக்கு: கார் றோட்டில ஓடவே வேண்டாம், வீட்டில சும்மா நிண்டாலும், ஓடேல்லை எண்டு டிவிஎல்ஏக்கு (வாகனங்களைப் பதியிற அரசாங்க அலுவலகம்) அறிவிக்காமல் இன்சூரன்சை விட்டால் வீட்டுக்குக் கடிதம் வரும், பிறகு 100 பவுண் தண்டம். அதாவது நம்பரை வைச்சுப் பிடிக்கிற வேலை பெற்றோல் செட் இல்லாமலே நடக்குது.

முக்கியமான விசயம் இதுதான் அண்ணா. இந்த நாட்டில இன்சூரன்ஸ் காருக்கு மட்டும் இல்லை, ஆர் ஓட்டலாம், என்னத்துக்கு ஓட்டலாம் எண்டதும் அதுக்குள்ள இருக்கு. என்ர மேசைக்கு வாற பைல்களில பாதி, கமரா பச்சை காட்டியிருக்கக்கூடிய கார்கள். அப்பாவின்ர பேரில பொலிசி, ஓட்டுறது பேரே போடாத மகன். அல்லது சாதாரண பொலிசியை வைச்சுக்கொண்டு இரவில சாப்பாடு டெலிவரி செய்யிற பொடியள். கூலிக்கு ஓட்டுறதுக்கு வேற கவர் எடுக்கவேணும், அது இல்லாமல் அடிபட்டால் இன்சூரன்ஸ் இல்லாத மாதிரித்தான் முடியும். எங்கட பொடியளே எத்தினை பேர் பீட்சாவை சீற்றில வைச்சுக்கொண்டு இப்பிடி ஓடுறாங்கள். நம்பர் பிளேட் அவங்களைக் காட்டிக் குடுக்காது.

ஏன் எடுக்காமல் ஓடுறாங்கள் எண்டதையும் சொல்லவேணும். பொலிஸ் பிடிச்சால் 300 பவுண், லைசென்சில 6 பொயின்ற். 19 வயசுப் பொடியனுக்கு வருசத்துக்கு 2,000 பவுண் கேட்டு வாற இன்சூரன்ஸ் விலைக் கணக்கை நானே பாத்திருக்கிறன். அவன் தண்டத்தைத்தான் மலிவு எண்டு கணக்குப் போடுறான். புது லைசென்ஸ் எடுத்து ரெண்டு வருசத்துக்குள்ள 6 பொயின்ற் வந்தால் லைசென்சே போயிடும் எண்டதை அவனுக்கு ஒருத்தரும் சொல்லுறதில்லை.

இன்சூரன்ஸ் இல்லாதவை செய்யிற விபத்துக்கு எம்ஐபி குடுக்கிற காசு, ஒழுங்காக் கட்டுற எங்கட பிரீமியத்தில இருந்துதான் போகுது. ஒரு பொலிசிக்கு வருசம் 30 பவுண் அளவில எண்டு அந்த 2012 செய்திகளிலயே சொன்னவை. அதால உங்கட கோபம் நியாயமானது. செட் கமரா கொஞ்சப் பேரைப் பிடிக்கும் எண்டதை நான் மறுக்கேல்லை. ஆனா பிடிக்கிற ஆள் நீங்களா இருக்கக்கூடாது.

———

மட்டுநகர் மைந்தன் (நியூ மோல்டன்) எழுதியது:

கோப்பாய்க்காரி அக்கா சொன்ன "பதிவில இல்லாத நம்பர்" எனக்கு நடந்திருக்கு. 2016 இல பழைய கொம்பனி விலை கூட்டினதால வெள்ளிக்கிழமை பின்னேரம் வேற கொம்பனிக்கு மாறினன். காசும் கட்டி, ஈமெயில்ல சேர்ட்டிபிக்கேற்றும் வந்திட்டுது. ஞாயிறு காலமை அம்மாவையும் ரெண்டு பிள்ளையளையும் ஏத்திக்கொண்டு கோயிலுக்குப் போறன், பின்னால நீல லைற். பதிவில உங்கட கார் இல்லை எண்டு பொலிஸ்காரர் சொல்லுறார். பிள்ளையளுக்குப் பாவாடை சட்டை, அம்மாவின்ர மடியில பூத்தட்டு, றோட்டுக்கரையில நிக்கிறம். காரைத் தூக்கினால் எடுக்கிறதுக்கு 150 பவுண், நிப்பாட்டி வைக்கிறதுக்கு ஒரு நாளைக்கு 20 எண்டு அவர் சட்டத்தைச் சொல்லுறார்.

ஆனா அவர் நல்ல மனுசன். போனில இருந்த சேர்ட்டிபிக்கேற்றைப் பாத்திட்டு, எம்ஐபியில பொலிசுக்கெண்டு இருக்கிற இலக்கத்துக்கு அடிச்சார். அவை கொம்பனியோட விசாரிச்சு, அரை மணித்தியாலத்தில போகச் சொல்லிவிட்டார். தீபாராதனைக்குப் போய்ச் சேர்ந்திட்டம்.

இதையே பெற்றோல் செட்டில யோசிச்சுப் பாருங்கோ தென்மராட்சியான் அண்ணை. எண்ணெய் முள்ளு அடியில நிக்குது, பின்னால குழந்தை அழுகுது, ஸ்கிரீன் சிவப்பு. நான் போனைக் காட்டினால் நீங்கள் எதை நம்புவியள்? வட்ஸ்அப்பில கள்ள இன்சூரன்ஸ் சேர்ட்டிபிக்கேற் விக்கிறவங்களும் இருக்கிறாங்கள். அடிச்சுக் கேக்கிறதுக்கு உங்களிட்ட இலக்கம் இல்லை. என்னை மறிச்சது தீர்மானம் எடுக்கிற அதிகாரம் உள்ள ஆள். அதாலதான் அது நல்லா முடிஞ்சுது.

———

பழைய முதலாளி எழுதியது:

தம்பி, நான் 2016 வரைக்கும் ரெண்டு செட் நடத்தினனான். ஒண்டு நிச்சயம்: பம்பை மறிச்சால் அடுத்த கிழமையே பக்கத்துத் தெருவில நிக்கிற காரின்ர பிளேட் காணாமல் போகும். எங்களிட்ட காசு குடுக்காமல் ஓடினதில கனக்க, களவெடுத்த பிளேட் பூட்டின கார். பொலிஸ் போய்க் கதவைத் தட்டினால் பாவம், ஒண்டும் தெரியாத கிழவி நிப்பா. இல்லாட்டி கானோட வந்து நிப்பாங்கள். பிளாஸ்ரிக் கான்ல 10 லீற்றர், இரும்புக் கான்ல 20 லீற்றர், அது சட்டப்படியே வாங்கலாம். கானுக்கு நம்பர் பிளேட் இல்லை.

2022 இல ஊரில, இலங்கையில, பெற்றோல் அடிக்கக் கியூஆர் கோட் வந்ததே, நினைவிருக்கோ? காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர், ஓட்டோவுக்கு 5. கோட் இல்லாட்டி ஒரு சொட்டும் இல்லை. அண்டைக்கும் போத்தில்ல பெற்றோல் கறுப்பில ஓடினதுதான்.

இன்னொண்டு, காசு குடுக்காமல் ஓடினவையின்ர காசை முதலாளி உங்கட சம்பளத்தில கழிக்கிறாரோ? கழிச்சால் அதையும் அந்தத் திங்கள் கதையுங்கோ. நான் ஒருநாளும் பொடியளிட்டக் கழிச்சதில்லை.

———

கரோல்பாக்வாசி (தில்லி) எழுதியது:

வணக்கம். நான் தில்லியில் இருக்கும் தஞ்சாவூர்க்காரன். உங்கள் பேச்சு வழக்கை ரசித்துப் படித்தேன். இங்கே நடந்ததைச் சொன்னால் உங்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

2025 ஜூலை 1 முதல் தில்லி பெட்ரோல் பங்குகளில் பழைய வண்டிகளுக்கு எரிபொருள் கிடையாது என்று உத்தரவு வந்தது. டீசல் என்றால் 10 வருடம், பெட்ரோல் என்றால் 15 வருடம். காரணம் காற்று மாசு, இன்சூரன்ஸ் அல்ல. ஆனால் கருவி அதேதான்: பங்கில் நம்பர் பிளேட் படிக்கும் கேமரா, வாகனப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்து, பழைய வண்டி என்றால் ஒலிபெருக்கியில் அறிவிக்கும்.

முதல் நாள் நான் வழக்கமாகப் போகும் பங்கில் டிராஃபிக் போலீஸ் ஒருவர், போக்குவரத்துத் துறை ஆள் ஒருவர் என நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அது எனக்குச் சரியாகப் பட்டது. மறுப்பதும் வண்டியைப் பிடிப்பதும் அவர்கள் வேலையாக இருந்தது, பெட்ரோல் போடும் பையன் ஒதுங்கி நின்றான். எனக்கு முன்னால் நின்ற பெரியவரின் ஸ்கூட்டர் பிளேட்டில் சேறு. கேமரா படிக்கவில்லை. பையன் தன் துண்டால் துடைத்துவிட்டான், அப்புறமும் படிக்கவில்லை. கடைசியில் போலீஸ்காரரே ஆர்சி புத்தகத்தைப் பார்த்துப் போடச் சொன்னார்.

ஜூலை 3-ஆம் தேதியே தில்லி அரசு இதை நிறுத்தி வைக்கச் சொல்லிக் கடிதம் எழுதிவிட்டது. அமைச்சர் மன்ஜிந்தர் சிங் சிர்சா சொன்ன காரணங்கள்: கேமராக்கள் சரியாக வேலை செய்யவில்லை, பிளேட்டைப் படிக்க முடியவில்லை, பக்கத்து மாநிலங்களின் பதிவோடு இணைக்கவில்லை. உண்மைதான். இங்கே கிடைக்காவிட்டால் பக்கத்து மாநிலத்தில் இருக்கும் குருகிராம் போய் நிரப்பிக்கொண்டு வந்துவிடலாம். பிறகு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் வண்டியின் வயதை மட்டும் காரணமாக்கி உரிமையாளர்கள் மேல் நடவடிக்கை வேண்டாம் என்று அப்போதைக்குச் சொன்னது.

ஐயா, கேமரா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மறுக்கும் வேலைக்குச் சீருடை போட்ட ஆள் நின்றால்தான் பங்குப் பையன் பத்திரமாக வீடு போவான்.

———

தென்மராட்சியான் (குரோய்டன்) எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. வேலைக்குப் போக முந்தி ரெண்டு தரம் வாசிச்சன், மனுசிக்கும் வாசிச்சுக் காட்டினனான்.

மனுசி சொன்னதை முதல்ல எழுதுறன். "அந்தப் பொடியனுக்கு எண்ணெய் குடுக்காமல் விட்டிருந்தால் என்ர கை தப்பியிருக்கும் எண்டு எனக்குத் தெரியாது. ஆனா அவன் செட்டில நிண்டதைப் பொலிஸ் அண்டைக்கே அறிஞ்சிருந்தால், போய்க் காரைத் தூக்கியிருக்கலாம்." நான் இவ்வளவு நாளும் பம்பைத் திறக்கிறதா விடுறதா எண்டே யோசிச்சுக்கொண்டிருந்தன். அவ சொன்னது வேற. எண்ணெயைக் குடு, காசை வாங்கு, நம்பரையும் நேரத்தையும் பொலிசுக்கு அனுப்பு. ஒரே கார் ஒரே செட்டுக்குக் கிழமைக்குக் கிழமை வரும், அது எனக்கு நல்லாத் தெரியும். வெள்ளை வான் ஒண்டு ஒவ்வொரு வியாழனும் இரவு பத்தேகால் போல வரும், 20 பவுணுக்கு டீசல், ஒரு புளூ கிரீம் சோடா. அப்பிடி ஒரு வழக்கம் உள்ள ஆளைப் பிடிக்கிறது பொலிசுக்குச் சுகம். நானும் தட்டுக்குள்ளால ஒருத்தனுக்கும் "இல்லை" சொல்லத் தேவையில்லை.

மட்டுநகர் மைந்தன் தம்பி, உங்கட மாதிரிப் புதுசா மாறின ஆக்களும் இந்த வழியில றோட்டில அந்தரப்பட மாட்டினம். ஒரு தரம் பதிவில இல்லாட்டி விட்டிடலாம். மூண்டு கிழமை தொடர்ந்து இல்லாட்டித்தானே ஆள் உண்மையா எடுக்கேல்லை எண்டு தெரியும்.

பழைய முதலாளி ஐயா, கேட்டீங்கள். ஓம், இங்க கழிக்கிறவை. போன வருசம் என்ர சம்பளத்தில ரெண்டு தரம். செட்டின்ர பேர் சொல்ல விருப்பமில்லை. அதையும் கதைக்கிறன்.

கோப்பாய்க்காரி தங்கச்சி, டெலிவரி கவர் விசயத்தைப் பற்றித் தனி ஒரு திரி திறந்தால் நல்லம். என்ர மருமகன் அதைத்தான் செய்யிறான். நேற்று அவனிட்டக் கேட்டன், "எல்லாம் கவர் ஆகும் மாமா" எண்டான். பொலிசியை எடுத்துப் பாத்தம். ஆகாது. நேற்று இரவு அவன் வேலைக்குப் போகேல்லை.

திங்கள் மனேஜரிட்ட மூண்டு விசயம் கேக்கப்போறன். இன்சூரன்ஸ் தகவல் எப்பவாவது வந்தாலும் அது ரில் ஸ்கிரீனுக்கு வரக்கூடாது, நேர பொலிசுக்குப் போகவேணும். காசு குடுக்காத சிவப்பு வந்தால், இரவில தனிய நிக்கிற ஆளுக்கு, எண்ணெயை அடிக்க விட்டுட்டு ரிப்போர்ட் எழுதுற உரிமை இருக்கவேணும், அந்தக் காசைச் சம்பளத்தில தொடக்கூடாது. மற்றது, காசுத் தட்டுக்கு உள்ளால பூட்டக்கூடிய ஒரு மூடி.

என்ன சொல்லுறார் எண்டு செவ்வாய்க்கிழமை வந்து எழுதுறன். இப்ப ஷிப்டுக்கு நேரமாச்சு.